மச்சான் கட்டிய வெப்சைட்டைக் கழற்றி மாட்டிய விவரம்

என் பேரன்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு, உன் அக்காவைக் கட்டிக்கொண்டு இன்றுவரை தாக்குப்பிடித்து வரும் அத்தான் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்காவும் நலம். என் முதுகு மட்டும் நலமில்லை. அது எங்கள் இருவரையும் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன். ஏனென்றால் நீ போன் செய்தபோதெல்லாம் நான் எடுக்கவில்லை. வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. "என் வெப்சைட் எங்கே?" என்று நீ அனுப்பிய செய்தியையும் பார்த்தேன், அதற்குப் பிறகு வெறும் கேள்விக்குறியாக அனுப்பியதையும் பார்த்தேன். போனில் பேசினால் நீ கத்துவாய், நான் உளறுவேன், நடுவில் உன் அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டு வேறு கதை பேச ஆரம்பித்துவிடுவாள். கடிதம் என்றால் முடிகிறவரைக்கும் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் கடிதம்.

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், மச்சான். நம் இரவல் சங்கத்துக்கு நீ செய்து கொடுத்த வெப்சைட் இப்போது இல்லை. பழுது பார்க்க எடுத்து வைத்திருக்கிறோம் என்றெல்லாம் மழுப்பப் போவதில்லை. அடியோடு கழற்றிவிட்டோம். காலமெல்லாம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். கழற்றுவதற்கு முன் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? சொல்லத்தான் கிளம்பினேன். உன் அக்கா தடுத்துவிட்டாள். "நீங்க பேசினா காரியம் கெட்டுடும், தம்பிகிட்ட நானே பக்குவமா சொல்றேன்" என்றாள். அவள் பக்குவம் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்தப் பக்கம் வேலை முடிந்து புதுசும் வந்துவிட்டது.

ஏன் கழற்ற வேண்டியிருந்தது என்று கேட்பாய். சங்கத்தைப் பற்றி உனக்குத் தெரியாதது எதுவுமில்லை, இருந்தாலும் தொடக்கத்திலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும். மூடிப்போன அச்சகத்துக்குப் பின்னால் இருக்கும் அதே தகரக் கொட்டகைதான். அதே சக்கர நாற்காலிகள், வாக்கர்கள், ஊன்றுகோல்கள், தலைப்பக்கம் தூக்கி இறக்குகிற ஆஸ்பத்திரிக் கட்டில்கள். யார் வீட்டில் யாருக்கு முடியாமல் போனாலும் கேட்டால் இரவல் கொடுப்போம். தேவை தீர்ந்ததும் திரும்ப வாங்கித் துடைத்து எண்ணெய் போட்டு அடுத்தவருக்குக் கொடுப்போம். உன் அக்கா தலைவி. டெய்லர் செயலாளர், கடையை மகன் கையில் ஒப்படைத்த மனிதர் கழுத்தில் தொங்கும் டேப்பை மட்டும் ஒப்படைக்க மறந்துவிட்டார். நான் பழுது பார்ப்பவன், வேன் ஓட்டுபவன், இருவரிடமும் திட்டு வாங்குபவன். எங்கள் வழக்கமும் மாறவில்லை. யாராவது பெயரும் முகவரியும் கொடுத்துவிட்டால் போதும், மறுநாள் காலையில் உன் அக்காவும் டெய்லரும் அந்த வீட்டு வாசலில் நிற்பார்கள். வாசல் கதவு, மாடிப்படித் திருப்பம், குளியலறை என்று எல்லாவற்றையும் அளக்காமல் ஒரு ஊன்றுகோலைக்கூடக் கொட்டகையை விட்டு வெளியே அனுப்ப மாட்டார்கள். ஆரம்ப காலத்தில் அளக்காமல் கொண்டுபோன கட்டில் ஒன்று ஒரு வீட்டு நிலைப்படியில் சிக்கி, அந்த வீட்டுக்காரர்கள் அதை அறுத்தெடுக்கிற வரைக்கும் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து தவழ்ந்து ஆபீஸ் போய்வந்தார்கள். அன்றைக்கு வந்த பழக்கம் இது.

மாறிப்போனது ஒன்றே ஒன்றுதான். தூக்க ஆள் இல்லை. முன்பெல்லாம் கூப்பிட்ட குரலுக்கு ஒரு கூட்டம் ஓடி வரும். ஒருவருக்குச் சர்க்கரை வந்தது, ஒருவருக்குப் பேரன் வந்தான், இன்னொருவர் மகளோடு வேறு ஊருக்குப் போனார். மிஞ்சியது நாங்கள் மூன்று பேர். போன மழைக்காலத்தில் ஒரு மூன்றாவது மாடிக்குக் கட்டில் ஏற்றினோம். இரண்டாவது மாடித் திருப்பத்தில் டெய்லர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். நான் குனிந்தவன் நிமிர முடியவில்லை. உன் அக்கா கட்டிலின் மறுகோடியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேருக்கும் சேர்த்து மூச்சு வாங்கினாள். அந்த வீட்டுக்காரம்மா இறங்கி வந்து கட்டில் கம்பி வழியாக டெய்லருக்கு டீ கொடுத்தார்கள். டீயைக் குடித்துவிட்டு டெய்லர், "கொஞ்சம் சர்க்கரை தூக்கல்" என்றார். நான் சிரித்தேன். உன் அக்கா சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது வேனில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "இனிமே யாராவது கட்டில் கேட்டா இல்லைன்னு சொல்லிடலாங்க" என்றாள். மச்சான், உன் அக்கா அதட்டிப் பார்த்திருக்கிறேன், அழுது பார்த்திருக்கிறேன், நியாயம் கேட்டு ஒரு போலீஸ்காரரையே பின்வாங்க வைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி மெதுவான குரலில் பேசி மட்டும் பார்த்ததில்லை. கட்டில் இல்லையென்றால் சங்கம் இல்லை. சங்கம் இல்லையென்றால் அவள் காலையில் எழுந்து எங்கே போவாள்?

அந்தச் சமயத்தில்தான் டிசைனர் பொண்ணு வாக்கரைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். வெப்சைட் வடிவமைப்பதுதான் அவள் வேலை. அவள் அப்பா எங்கள் வாக்கரைப் பிடித்து நடக்கப் பழகி, இப்போது வாக்கர் இல்லாமலே தெருமுனை டீக்கடைக்கு ஓடிவிடுகிறாராம். "உங்களுக்கு நான் ஏதாவது செய்யணும் அங்கிள்" என்றாள். "கட்டில் தூக்குவியாம்மா?" என்று கேட்டேன். "அது முடியாது. உங்களுக்கு வெப்சைட் இருக்கா?" என்றாள். இல்லாமலா! உன் கைவேலையை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திறந்து காட்டினேன். முதலில் இரண்டு கதவுகள் மெதுவாகத் திறந்தன. பிறகு உலக உருண்டை சுற்றியது. பிறகு புல்லாங்குழல் ஆரம்பித்தது, அதை நிறுத்த எங்களுக்கு வழி தெரியாததால் எல்லோரும் எழுந்து நின்று கேட்டோம். அதற்கப்புறம் எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பறந்து வந்து விழுந்து "வருக வருக" ஆயின. கடைசியில், கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு நீ ஒரு காரில் சாய்ந்து நிற்கும் படம் வந்தது, பக்கம் முழுக்க. சங்கத்தின் போன் நம்பர் உன் முழங்காலுக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது. "இவர் யாரு? தலைவரா?" என்றாள் டிசைனர் பொண்ணு. "தலைவியின் தம்பி, இதைச் செய்தவர்" என்றேன். "இப்பவும் இந்த வேலைதான் செய்றாரா?" என்றாள். இல்லை, வேறு வேலைக்குப் போய்விட்டார் என்றேன். "நல்லது" என்றாள். அந்தப் பொண்ணு மேல் கோபப்படாதே மச்சான், நல்ல குடும்பத்துப் பிள்ளை.

புதுசாகச் செய்வது என்று முடிவானது. கமிட்டி கூடியது. கமிட்டி என்றால் நாங்கள் மூன்று பேரும் ஒரு டீ பிளாஸ்க்கும். டெய்லர் சங்க விதிமுறைகள் அத்தனையும் முதல் பக்கத்திலேயே வர வேண்டும் என்றார். உன் அக்கா, "உதவுங்கள், உதவுங்கள்னு கெஞ்சற மாதிரி ஒரு வார்த்தைகூட வரக் கூடாது" என்றாள். டிசைனர் பொண்ணு பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "ஆன்ட்டி, பாக்க வர்றவங்க கண்ணு சிமிட்டற நேரம்தான் இருப்பாங்க. அதுக்குள்ள இவங்க யாரு, நான் என்ன செய்யணும்னு புரிஞ்சுடணும். அதோட படம் வேணும். சிரிக்கிற முகம் வேணும்" என்றாள். கட்டில் வாங்கியவர்களைப் படம் எடுக்கலாமா என்று கேட்டதற்கு உன் அக்கா ஒரே போடாகப் போட்டாள்: "படுத்திருக்கறவங்க படத்தைப் போட்டு ஆள் சேர்க்கறதா? கொட்டகையைப் பூட்டிட்டுப் போயிடுவேன்." சரி, எங்களையே எடுப்பது என்றானது. டெய்லரைச் சிரிக்கச் சொன்னால் தேடப்படும் குற்றவாளி மாதிரி நின்றார். என்னைச் சிரிக்கச் சொன்னால் எனக்கு இருமல் வந்தது. அந்தப் பொண்ணு கேமராவைக் கீழே வைத்துவிட்டு, "சும்மா கட்டிலைத் தூக்குங்க, பாப்போம்" என்றாள். தூக்கினோம். ஆளுக்கொரு மூலையைப் பிடித்தோம், நாலாவது மூலை பொத்தென்று டெய்லர் காலில் இறங்கியது. அவர் போட்ட சத்தத்தில் உன் அக்காவும் நானும் அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டோம். அந்தப் படம்தான் இப்போது முதல் பக்கத்தில் இருக்கிறது. டெய்லர் வாய் திறந்திருக்கிறது, என் சட்டை பின்பக்கம் வெளியே தொங்குகிறது, உன் அக்கா மட்டும் லட்சணமாக இருக்கிறாள்.

படத்துக்குக் கீழே வாசகம் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் எழுதிப் பழக்கமில்லாதவனா? லிஃப்டுக்குள் ஒட்டும் எச்சரிக்கைகளையெல்லாம் அந்தக் காலத்தில் நான்தான் எழுதினேன். பக்கம் பக்கமாகச் சங்க வரலாற்றை எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "அங்கிள், இதுல இந்த ஒரு வரி போதும்" என்று நடுவிலிருந்து எதையோ உருவி எடுத்தாள். இப்போது அங்கே இருப்பது இவ்வளவுதான்: "கட்டிலுக்கு நாலு கால். தூக்க நாங்கள் மூன்று பேர்." அதற்குக் கீழே இரண்டு பட்டன். ஒன்று, "நான் வர்றேன்". இன்னொன்று, "நான் தர்றேன்". எதை அமுக்கினாலும் ஒரு ஃபார்ம் வரும். பெயர், முகவரி, போன் நம்பர் கேட்கும். நிரப்பி அனுப்பினால் கொட்டகைக் கம்ப்யூட்டரில் டிங் என்று மணி அடிக்கும். போகும்போது அவள் ஒன்று சொல்லிவிட்டுப் போனாள்: "ஃபார்ம் வந்தா உடனே பதில் குடுத்துடணும். லேட்டானா மனசு மாறிடுவாங்க." உன் அக்கா, "அதெல்லாம் நீ சொல்லணுமா? மறுநாளே குடுத்துடுவோம்" என்றாள். இந்த இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் பேசுகிறார்கள் என்று நானும் நினைத்துவிட்டேன்.

முதல் மணி அடித்ததும் டெய்லர் டேப்பைத் தேடினார். அது கழுத்தில்தான் இருந்தது. பெயர் இருக்கிறது, முகவரி இருக்கிறது, பிறகென்ன? மறுநாள் காலையில் கிளம்பிவிட்டார்கள். வேன் ஓட்டியது நான் என்பதால் நடந்ததை நேரில் பார்த்தேன். கதவைத் திறந்தவன் ஒரு இளைஞன், அரைக்கால் சட்டை, வாய் நிறையப் பேஸ்ட் நுரை, அதில் செருகிய பிரஷ். ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. டெய்லர் வணக்கம் சொல்லிவிட்டு நேரே கதவின் அகலத்தை அளக்க ஆரம்பித்தார். உன் அக்கா உள்ளே போய்க் குளியலறையைப் பார்த்துவிட்டு வந்து, "தரை வழுக்குதே, யாருக்குத் தம்பி முடியல? அம்மாவுக்கா?" என்றாள். அவன் நுரையைத் துப்பவும் வழியில்லாமல் விழுங்கவும் வழியில்லாமல் தலையை ஆட்டினான். ஒருவழியாகத் துப்பிவிட்டு, "வீட்டு ஓனர் அனுப்பினாரா? நான் காலி பண்றேன்னு சொல்லவே இல்லையே!" என்றான். "இல்ல தம்பி, நீங்கதானே பட்டனை அமுக்கினீங்க" என்றாள் உன் அக்கா. அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. "மேடம், நான் உதவி பண்றேன்னு அமுக்கினேன்!" என்றான். டெய்லர் டேப்பைச் சுருட்டாமலே, "ரொம்ப சந்தோஷம். கொஞ்சம் தள்ளி நின்னா அந்தப் பக்கமும் பாத்துடுவேன்" என்றார். மச்சான், அந்தப் பையன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பக்கத்து வீட்டுக் கதவுகள் இரண்டும் திறந்துகொண்டன. அவன் காபி போட்டுக் கொடுத்தான். கிளம்பும்போது உன் அக்கா எல்லா வீட்டிலும் சொல்வதைத்தான் அங்கேயும் சொன்னாள்: "வர்ற சனிக்கிழமை காலையில கொட்டகைப் பக்கம் வாங்க தம்பி, டீ சாப்பிடலாம்." அன்றிலிருந்து அவனுக்கு எங்கள் வீட்டில் பிரஷ் தம்பி என்று பெயர்.

இதோடு இவர்களுக்குப் புத்தி வந்திருக்கும் என்று நினைப்பாய். எனக்கே வரவில்லை, அவர்களுக்கு எங்கிருந்து வரும்? அடுத்து "நான் தர்றேன்" பட்டனை அமுக்கியவர் ஒரு பல் டாக்டர் அம்மா. முகவரி என்று கிளினிக் முகவரியைக் கொடுத்திருந்தார். இவர்கள் போனபோது நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்துகொண்டு சாய்ந்திருக்கிறார், டாக்டர் அம்மா அவர் வாய்க்குள் ஏதோ சுழற்றிக்கொண்டிருக்கிறார். டெய்லர் அந்த நாற்காலியைச் சுற்றி வந்து அளந்து, "இதைவிட நம்ம கட்டில் நீளம்" என்று அபிப்பிராயம் சொன்னார். வாயைத் திறந்திருந்தவரால் யார் நீங்கள் என்று கேட்கவும் முடியவில்லை, எழுந்து ஓடவும் முடியவில்லை, கண்ணை மட்டும் உருட்டினார். டாக்டர் அம்மா விஷயம் புரிந்து மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். தன் மாமனார் உபயோகித்த சக்கர நாற்காலி ஒன்று பரணில் கிடப்பதாகவும், யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் வைத்திருப்பதாகவும் சொன்னார். அன்றைக்கே வேனில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அந்த ஒரு வாரத்துக்குள்ளேயே இப்படி மணி அடிக்க அடிக்க இவர்கள் கிளம்ப, ஊரில் பாதிக் கதவுகளின் அகலம் டெய்லருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

ஒருநாள் டிசைனர் பொண்ணு வேர்க்க விறுவிறுக்கக் கொட்டகைக்கு ஓடி வந்தாள். கையில் போன். இணையத்தில் யாரோ எழுதியிருக்கிறார்கள்: "இந்த வெப்சைட்டில் பட்டனை அமுக்கினால் இரண்டு பெரியவர்கள் வீட்டுக்கே வந்து கதவை அளக்கிறார்கள். உஷார்." அவள் முகத்தில் ஈயாடவில்லை. "அங்கிள், ஃபார்ம் அனுப்பினவங்க வீட்டுக்கெல்லாம் போனீங்களா?" என்றாள். "ஆமாம்மா." "எல்லார் வீட்டுக்குமா?" உன் அக்கா குறுக்கே வந்தாள்: "பின்னே? மனசு வச்சு முகவரி குடுத்தவங்களுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? நீதானே உடனே பதில் குடுக்கச் சொன்னே?" அந்தப் பொண்ணு ஒரு சக்கர நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, "பதில்னா ஒரு மெசேஜ் ஆன்ட்டி! நன்றின்னு ஒரு வரி! சொல்லாம கொள்ளாம வீட்டுக்குப் போனா பயந்துடுவாங்க, யாராவது புகார் குடுத்தா என்ன செய்வீங்க?" என்றாள். அவள் இரண்டு பட்டனையும் மறைத்து வைத்துவிட்டுப் போனாள். டெய்லர் முதல் முறையாகக் கழுத்திலிருந்து டேப்பை எடுத்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். உன் அக்கா ஏற்கெனவே துடைத்திருந்த வாக்கரை மறுபடியும் துடைத்தாள்.

மணி அடிப்பது நின்றுபோனது. அந்த வாரம்தான் ஒரு பஸ் கண்டக்டர் போன் செய்தார். அவர் மனைவி இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம், சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு அனுப்புகிறார்களாம், கட்டில் வேண்டும். வீடு நாலாவது மாடி. உன் அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தாள். டெய்லர் தரையைப் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது, இல்லை என்று சொல்லப் போகிறாள், அந்த ஒரு வார்த்தையோடு எல்லாம் முடிந்தது. "என் முதுகு இப்போ தேவலாம்" என்றேன். முந்தின நாள் குனிந்து எனக்குச் செருப்பு மாட்டிவிட்டதே அவள்தான். அவளிடம் இந்தப் பொய் எடுபடுமா? என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு போனில், "சனிக்கிழமை காலையிலேயே வந்துடும்ங்க, கவலைப்படாதீங்க" என்றாள். நாங்கள் மூன்று பேர் நாலு மாடி எப்படி ஏறப்போகிறோம் என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலையில் கட்டிலை வேனில் ஏற்ற வழி தெரியாமல் நின்றுகொண்டிருந்தோம். முதலில் பிரஷ் தம்பி வந்தான், இந்த முறை முழுக்கால் சட்டை போட்டுக்கொண்டு. "டீக்குக் கூப்பிட்டீங்களே மேடம்" என்றான். பின்னாலேயே பல் டாக்டர் அம்மா, கூடவே அன்றைக்கு வாயைத் திறந்துகொண்டிருந்தவர். பல் கட்டிய கையோடு அவரையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அடுத்து ஒரு கணவன் மனைவி. பிறகு ஒரு கோபக்காரர்: "என் வீட்டுக் கதவை எதுக்கு அளந்தீங்கன்னு கேக்கத்தான் வந்தேன்!" என்று கத்திக்கொண்டே நுழைந்தவர், வழியில் நின்ற கட்டிலைப் பார்த்து, "இதை எங்க வைக்கணும்?" என்று ஒரு காலைப் பிடித்துக்கொண்டார். வந்துகொண்டே இருந்தார்கள், மச்சான். வெறும் மெசேஜ் அனுப்பியவர்களை மறந்துவிடலாம். வீட்டுக்கு வந்து, நம் காபியைக் குடித்து, குளியலறைத் தரை வழுக்குகிறது என்று கவலைப்பட்டுவிட்டுப் போன பெண்மணியை எப்படி மறப்பது? டீ போதவில்லை. வேனும் போதவில்லை. பின்னாலேயே இரண்டு கார்களும் ஏழெட்டு ஸ்கூட்டர்களுமாக ஒரு ஊர்வலம் கிளம்பியது.

என்னைக் கட்டிலைத் தொடவே விடவில்லை. கீழே மாடிப்படி அடியில் நிற்கச் சொல்லிவிட்டார்கள். கட்டில் கால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள், கிடைக்காதவர்கள் மெத்தையைப் பிடித்தார்கள், மெத்தையும் கிடைக்காதவர்கள் தலையணையை ஆளுக்கொரு மூலையாகப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். டெய்லர் பையிலிருந்து டேப்பை உருவி மறுபடியும் கழுத்தில் போட்டுக்கொண்டு, "திருப்பத்துல சாய்ச்சுப் பிடிங்க!" என்று முழங்கினார். எனக்குப் பழக்க தோஷம் போகவில்லை, கட்டில் ஒவ்வொரு மாடியைத் தாண்டும்போதும் கீழேயிருந்து "ஒண்ணு! ரெண்டு! மூணு!" என்று கத்தினேன். மேலே கண்டக்டர் கதவைத் திறந்திருக்கிறார். ஒரு கட்டில் கேட்டவர் வீட்டுக்கு ஒரு பஸ் கூட்டம் ஏறி வருவதைப் பார்த்ததும் அவருக்கும் பழக்க தோஷம் வந்துவிட்டது. "படியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள போங்க, முன்னாடி இடம் இருக்கு!" என்று கூவியிருக்கிறார். அந்தக் கட்டடமே அதிர்ந்தது. நான் முதுகைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினேன். இரண்டாவது மாடிப் படியில் உன் அக்கா உட்கார்ந்திருந்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "ஏங்க, நமக்குத் தூக்கறதுக்கு இடமே இல்லைங்க" என்றாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு படியில் நான் உட்கார்ந்ததில்லை. எழுந்திருக்க மட்டும் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

டிசைனர் பொண்ணு அதையெல்லாம் படம் எடுத்தாள். மறுநாள் பட்டன்களைத் திரும்பக் கொண்டுவந்து, அவற்றுக்குக் கீழே ஒரு வரி சேர்த்தாள்: "அமுக்கினால் நாங்கள் வீட்டுக்கு வந்து கதவை அளப்போம். சம்மதமா?" இப்படி எழுதினால் ஒருவரும் அமுக்க மாட்டார்கள் என்று நான் பந்தயம் கட்டினேன், தோற்றேன். முன்பைவிட மணி அதிகமாக அடிக்கிறது. தனியாக இருக்கும் ஒரு பெரியவர் ஒரே வாரத்தில் இரண்டாவது முறையும் அமுக்கினார். டெய்லர் போய், "கதவை மாத்திட்டீங்களா சார்?" என்று கேட்டிருக்கிறார். "இல்ல, டீ போட்டு வச்சிருக்கேன்" என்றாராம். இப்போது அவர்தான் கொட்டகையில் உட்கார்ந்து போன் எடுக்கிறார். எடுத்தால் எளிதில் வைப்பதில்லை.

ஆகவே மச்சான், உன் புல்லாங்குழலும் உலக உருண்டையும் போன காரணம் இதுதான். அவை இத்தனை வருஷம் எங்களுக்கு உழைத்தன, அதை யாரும் மறக்கவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ வீடு கட்டிய நாளிலிருந்து வா வா என்று கூப்பிடுகிறாய். கட்டில் தூக்க ஆளில்லாததால் இத்தனை நாள் வர முடியவில்லை. இப்போது ஆட்கள் நிறைய வந்துவிட்டதால் அவர்களைக் கட்டி மேய்க்க வேண்டியிருக்கிறது, அதனால் வர முடியாது. உன் அக்கா கொட்டகையை விட்டு ஒரு பொழுதுகூட நகர மாட்டாள், இது முடிந்த முடிவு, வற்புறுத்தாதே. நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அவளுக்குப் போன் செய்து, புது வெப்சைட் நன்றாக இருக்கிறது என்று ஒரு நல்ல வார்த்தை சொல். தம்பி மனசு புண்பட்டிருக்குமோ என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கிறாள். நீயும் உன் வீட்டாரும் எல்லா நலமும் பெற்று, மாடி ஏறினாலும் மூச்சு வாங்காமல், முதுகுவலி என்றால் என்னவென்றே தெரியாமல் நீண்ட காலம் வாழ வேண்டும் என்று மனமார வாழ்த்தும்

உன் அத்தான்.

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் பொருட்படுத்தாதே. கடிதத்தை உறைக்குள் போடும் நேரத்தில் டெய்லர் மூச்சிரைக்க வந்தார். காலையில் மணி அடித்ததாம். "நான் வர்றேன்" பட்டன். உன் பெயர், உன் முகவரி. கதவை அளக்கச் சம்மதமா என்ற இடத்தில் டிக் வேறு அடித்திருக்கிறாய். புது வெப்சைட் எப்படி வேலை செய்கிறது என்று வேவு பார்க்கத்தான் அமுக்கியிருப்பாய் என்று உன் அக்காவிடம் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "என் தம்பி அமுக்கியிருக்கான், அவன் வீட்டுக்கு மட்டும் போகாம விட்டா நல்லாவா இருக்கும்?" என்று பெட்டியை இறக்கிவிட்டாள். கொட்டகைச் சாவியைப் பிரஷ் தம்பியும் பல் டாக்டர் அம்மாவும் வாங்கிக்கொண்டு, நிதானமாக வாங்க என்று எங்களை விரட்டுகிறார்கள். ரயிலுக்கு இன்றைக்கே டிக்கெட் எடுத்தாகிவிட்டது, டெய்லருக்கும் சேர்த்துத்தான். உன் அக்கா பாட்டு முணுமுணுத்துக்கொண்டு துணி மடிக்கிறாள். வாசலில் செருப்பு அலமாரி ஏதாவது இருந்தால் நகர்த்தி வை என்று எழுத வந்தேன், ஆனால் இந்தக் கடிதம் வருவதற்குள் நாங்களே வந்துவிடுவோம். தபால்காரர் வந்தால் நீ எழுந்திருக்க வேண்டாம், நானே வாங்கி உன் கையில் கொடுக்கிறேன்.